மேலே பாட்டில், கீழே பை

மன்னார்குடி வாசகி ஒருவரின் கடிதம். எழுபது தாண்டிய மாமியார் குளியலறை வாசலில் தடுமாறி விழுந்திருக்கிறார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக 131-க்குக் கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது வீட்டுக்குள் மூன்று கட்சி. நாத்தனார் கஞ்சியில் உப்பை அள்ளிப் போடுகிறார். கணவர் தினமும் இளநீர் வாங்கி வருகிறார். டிஸ்சார்ஜ் சீட்டிலோ ‘தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம்’ என்றிருக்கிறது. “உப்புக் குறைந்தவருக்குத் தண்ணீரை ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்? யார் பேச்சைக் கேட்பது?” என்கிறார்.

சீட்டின் பேச்சைத்தான். இளநீரை இன்றே நிறுத்துங்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம், மற்றதெல்லாம் தண்ணீர்.

ஒரு லிட்டர் ரத்த நீரில் எத்தனை மில்லிமோல் சோடியம் இருக்கிறது என்பதே அந்த 118. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்து நின்றால் அம்மா ரசத்தில் இரண்டு சொம்பு தண்ணீரை விளாவிவிடுவாள். போட்ட உப்பு போட்டபடி இருக்கும். ரசம் சப்பென்று ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களின் சோடியம் குறைவில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

விளாவுவது வாசோப்ரெசின் என்ற ஹார்மோன். தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது அதன் வேலை. தாகத்தில் தவிக்கும்போது அது நல்ல உத்தரவு. ஆனால் வலி, குமட்டல், அறுவை சிகிச்சை, நிமோனியா, மூளைக்காய்ச்சல், நுரையீரல் புற்று, மனச்சோர்வு மாத்திரைகள் சில, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசிபைன் என்று பலதும் தாகமே இல்லாதபோதும் அதைச் சுரக்கவைக்கும். இவை இல்லாத ஆஸ்பத்திரி ஏது? உள்நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணும் தாது உப்புக் கோளாறு சோடியம் குறைவுதான்.

சிக்கல் என்னவென்றால், எண் ஒன்றாக இருந்தாலும் வார்டுக்கு வார்டு வைத்தியம் மாறும். இதயம் தளர்ந்து கால் வீங்கியவருக்கும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவருக்கும் உடம்பில் உப்பு ஏற்கெனவே அதிகம். தண்ணீர் அதைவிட அதிகம். அவர்களுக்கு உப்பு நீரை ஏற்றினால் மூச்சுத் திணறும். வாந்தி பேதியோடு வந்தவருக்கு உப்பும் போயிருக்கிறது, நீரும் போயிருக்கிறது. அவருக்குச் சலைன்தான் மருந்து. மூளைக்குள் ரத்தம் கசிந்தவருக்குச் சோடியம் குறைகிறதே என்று தண்ணீரைக் கட்டுப்படுத்தினால், சுருங்கிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் இன்னும் குறைந்து பக்கவாதத்தில் போய் முடியலாம். எலும்பு வார்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2006-ல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வில், வெளிப்பார்வைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத லேசான சோடியம் குறைவுக்காரர்கள்கூட, கொஞ்சம் மது அருந்தியவர்கள் போலத் தள்ளாடித்தான் நடந்தார்கள். மாமியார் விழுந்ததற்குக் குளியலறைத் தரையை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

இதில் என்னை இன்னும் வியக்கவைக்கும் கூத்து ஒன்று உண்டு. உப்பு நீரை ஏற்ற ஏற்ற, ரத்தத்தில் சோடியம் இறங்கும்.

சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. சோடியம் 154 மில்லிமோல். நோயாளியிடம் இருப்பது 118. 118-ல் 154-ஐக் கலந்தால் ஏறத்தானே வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்கு அப்படித்தான் சொல்லும். வாசோப்ரெசினின் பிடியில் இருக்கும் சிறுநீரகம் வேறு கணக்குப் போடுகிறது. உப்பைக் கழிக்க அதற்குத் தடையில்லை. தண்ணீரைக் கழிக்கத்தான் தடை. அவருடைய சிறுநீர் சலைனைப் போல இரண்டு மடங்கு அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய உப்பு முழுவதும் அரை லிட்டர் சிறுநீரிலேயே வெளியேறிவிடும். மிச்சம் அரை லிட்டர் வெறும் தண்ணீராக உள்ளே தங்கிவிடும். இரவு 118 இருந்தது விடிந்தால் 116. “இன்னொரு பாட்டில் போடுங்க டாக்டர்” என்பார்கள் வீட்டார். போடவும் செய்வார்கள்.

கட்டிலுக்கு மேலே சலைன் பாட்டில் தொங்குகிறது, கீழே சிறுநீர்ப் பை தொங்குகிறது. எல்லோருக்கும் பாட்டில் மேல்தான் கண். சலைனை மாட்டுவதற்கு முன் கொஞ்சம் சிறுநீர் எடுத்து அதன் அடர்த்தியையும் சோடியத்தையும் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். தெளிந்த நீர் போலிருந்தால், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கிறார், அல்லது சாப்பாடே இல்லாமல் டீயிலும் தண்ணீரிலும் காலம் தள்ளுகிறார். அடர்த்தியாகவும் சோடியம் மிகக் குறைவாகவும் இருந்தால் உடம்பு வறண்டிருக்கிறது, இல்லையேல் இதயமோ கல்லீரலோ தளர்ந்திருக்கிறது. இரண்டும் கூடுதலாக இருந்தால் ஹார்மோன்களையும் மாத்திரைகளையும் சந்தேகிக்க வேண்டும். 1957-ல் வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடரிக் பார்ட்டர் குழுவினர் நுரையீரல் புற்று கண்ட இருவரை வைத்து இந்த வாசோப்ரெசின் கோளாறை விவரித்தபோது, அந்த ஹார்மோனை ரத்தத்தில் நம்பகமாக அளக்க வழியே இல்லை. சிறுநீரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இன்று எல்லா வசதியும் இருக்கிறது. சோதனைக்கூடத்துக்குச் சிறுநீர்தான் போவதில்லை.

அடுத்தது வேகம். சோடியம் திடீரென்று சரிந்தால் மூளைச் செல்கள் நீரேறி வீங்கும். வலிப்பு வரும், நினைவு தப்பும். அப்போது யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. 3 சதவீத சலைனை 100 முதல் 150 மி.லி. வரை சில நிமிடங்களில் ஏற்றுவார்கள். சோடியம் 4 முதல் 6 வரை உயர்ந்தாலே கண்டம் தாண்டிவிடும். மாறாக, இரண்டு நாளுக்கு மேல் மெல்ல மெல்லக் குறைந்திருந்தால், மூளைச் செல்கள் தம்மிடமுள்ள கரைபொருள்களை வெளியே தள்ளிவிட்டு அந்த நிலைக்குப் பழகியிருக்கும். அவரை ஒரே நாளில் 135-க்கு ஏற்றினால் செல்களிலிருந்து நீர் வெளியேறி, நரம்பிழைகளின் மேலுறை சிதையும். நோயாளி முதலில் எழுந்து உட்கார்ந்து பேசுவார். சில நாளில் நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கைகால் விளங்காது. ஆடம்ஸ், விக்டர், மான்கால் மூவரும் 1959-ல் குடிநோயாளிகளிடமும் ஊட்டம் குன்றியவர்களிடமும் இதைக் கண்டு எழுதினார்கள். அவசரமாக ஏற்றியதே பெரும்பாலும் காரணம் என்பது 1980-களில்தான் தெளிவானது. நாள்பட்ட குறைவு என்றால் 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்வது இன்று பொதுவான எச்சரிக்கை. எல்லை மீறி ஏறிவிட்டால், டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்துத் திரும்ப இறக்குவதும் உண்டு. பில்லுக்காக இழுத்தடிக்கிறார்கள் என்று சண்டைக்குப் போகும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மெதுவாக ஏற்றுபவர்தான் நல்ல வைத்தியர்.

எனக்குள்ள குறை, ‘சோடியம் குறைவு’ என்று எழுதும் சீட்டுகளில் ஏன் குறைந்தது என்ற வரி இல்லாமல் இருப்பது. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரிக்கும் மருந்துகள் பிரஷர் மாத்திரைகளோடு கூட்டாக வரும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். வயதான பெண்களின் சோடியத்தைக் கவிழ்ப்பதில் இவை பேர்போனவை. ஆஸ்பத்திரியில் நிறுத்துகிறார்கள், வீட்டில் பழைய அட்டை டப்பாவிலேயே இருக்கிறது, அடுத்த மாதம் அதே வார்டு. மன்னார்குடி வாசகி மாமியாரின் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். ஒரு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் பார்க்கட்டும். நடுவில் உளறலோ, எழுப்ப முடியாத தூக்கமோ வந்தால் அன்றே கிளம்பட்டும்.

இன்னொரு கேள்வியும் கேட்கப்படாமலே போகிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண், சோடியம் குறைந்து அடிக்கடி அட்மிட் ஆகிறார், எப்போதும் அசதி. “ஏம்மா, கடைசிப் பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா? பிள்ளைக்குப் பால் சுரந்துச்சா? அப்புறம் மாதவிலக்கு வந்துச்சா?” இந்த மூன்றையும் கேட்டால் போதும். பிரசவத்தில் ரத்தம் ஏராளமாக வடிந்தபோது பிட்யூட்டரி சுரப்பி பட்டுப்போயிருக்கும். வாசோப்ரெசினை அடக்கிவைக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் போதிய அளவு இல்லாமலே இருபது முப்பது வருஷம் ஓட்டியிருப்பார். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு. எத்தனை பாட்டில் ஏற்றினாலும் இவர்களுக்கு நிற்காது. வேண்டியது தினசரி ஸ்டீராய்டு மாத்திரை, விலை மலிவு. அதை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும், காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும், யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது.