ஒலியைச் சேமித்த கதை – 9: பாடிக் கேட்கும் மூன்றாமவர்

எடிஸனுடைய மெழுகு உருளை யந்திரத்தில் கேட்பதற்கும் பதிவதற்கும் ஒருங்கே வசதி இருந்ததென்பதையும், பதிந்த உருளையைச் சீவி வழவழப்பாக்கி மீண்டும் அதிலேயே பதியலாம் என்பதையும் சென்ற வாரம் சொன்னேன். எமில் பெர்லினர் 1887-ல் வகுத்த தட்டு யந்திரம், அதாவது நம் பாட்டனார் காலத்துக் கூடங்களில் மேஜைமேல் வீற்றிருந்த கிராமபோன், ஒலியைப் பெருவாரியாக அச்சடித்து விற்பதற்கு மிகவும் சௌகரியமாக அமைந்தமையால் நாளடைவில் உருளையை ஓட்டிவிட்டது. ஆயினும் வீட்டிலிருப்பவர் தம் குரலைத் தாமே பதிந்துகொள்ளும் சக்தியைப் பறித்துக்கொண்டுதான் அது வீட்டுக்குள் நுழைந்தது. 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தாரே, அது முதல் இந்நாட்டில் சங்கீதத்துக்குப் பாடி விற்பவர், வாங்கிக் கேட்பவர் என்று இரண்டே ஜாதிகள் ஏற்பட்டன. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் பாடும் இல்லத்தரசியும், சஷ்டிதோறும் திருப்புகழ் பாடும் குமாஸ்தாவும் இவ்விரண்டிலும் சேராத மூன்றாமவர். யந்திரம் செய்தவர்களும் சரி, பின்னால் சட்டம் செய்தவர்களும் சரி, இவர்களை நினைத்துப் பார்த்தது அபூர்வம்.

இழந்த சக்தி கேஸட்டோடு திரும்பி வந்தது. நாடாச் சுருள் யந்திரங்கள் அதற்கு முன்பே இருந்தனவென்றாலும், அவை வானொலி நிலையங்களுக்கும் கைநிறையப் பணமுள்ள சில ரசிகர்களுக்குமே எட்டின. பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் வெளியிட்ட கேஸட்டோ, வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் விடுமுறைக்கு வரும்போது தூக்கிவந்த ‘டூ-இன்-ஒன்’ பெட்டிகளின் தயவால், சாமானியர் வீட்டு அலமாரியிலும் இடம் பிடித்தது. சிவப்புப் பொத்தானையும் அதற்குப் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தத் தெரிந்தவரெல்லாம் பதிவாளரானார்கள். ஒரு பெட்டியில் பாட்டை ஓடவிட்டுக் கூடவே வீணையை வாசித்து, இரண்டையும் மற்றொரு பெட்டியில் பிடிக்கும் உபாயத்தையும் சிலர் கண்டுகொண்டார்கள். ஒவ்வொரு பெயர்ப்புக்கும் நாடாவின் இரைச்சல் ஏறிக்கொண்டே போய், நான்காவது பெயர்ப்பில் வீணை எது, இரைச்சல் எது என்று தெரியாமற்போகும்.

வீட்டு இசைக்காரர்கள் 1979-ஆம் ஆண்டை மறக்கலாகாது. ஜப்பானிய டீயாக் கம்பெனி, சாதாரணக் கேஸட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியே பதிந்து பின்பு கலக்கத்தக்க ‘போர்ட்டாஸ்டூடியோ’ என்னும் பெட்டியை வெளியிட்டது அவ்வாண்டில்தான். அப்பெட்டியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டு அறையில் ஒத்திகைக்காகப் பதிந்த பாட்டுக்களே, பிற்பாடு ஸ்டூடியோவில் எவ்வளவு முயன்றும் அதற்கு ஈடு அமையாமையால், 1982-ல் ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தன. அதே 1979-ல் நம் பெங்களூரில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பொறியாளராயிருந்தவரும் புல்லாங்குழல் வாசிப்பவருமான ஜி. ராஜ்நாராயண், மின்னணுத் தம்பூராவை உருவாக்கிச் சென்னை மியூஸிக் அகாடமியின் மாநாட்டில் காட்டினார். தம்பூரா மீட்ட ஆளில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடுகிறவருக்கு இது எத்தகைய உபகாரம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். போர்ட்டாஸ்டூடியோவை நம்மில் அநேகர் கண்ணால் கண்டதில்லை. சுருதிப்பெட்டி இல்லாத பாட்டு வாத்தியார் வீடோ இன்று இல்லை.

இனி நான் வசிக்கும் பெங்களூர் அடுகோடிக்கு வருவோம். ஓசூர் சாலையை ஒட்டிய இப்பேட்டையில் வீடுகள் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்பவை. ஒருவர் வீட்டுக் குக்கர் விசில் நான்கு வீட்டுக்குப் பொது. ஹெச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு வரும் பயணி விமானங்களின் சத்தம் 2008 மே மாதத்தில், புதிய நிலையம் தேவனஹள்ளியில் திறந்ததோடு ஓய்ந்தது. அந்த மௌனத்தை வாகனங்களும், பின்னர் லக்கசந்திராவில் மெட்ரோ ரயிலுக்குப் பூமியைக் குடைந்தவர்களும் நமக்கு விட்டுவைக்கவில்லை. மைக்கோ தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பால்காரர் வருவதற்கு முன்னால் எழுந்து, மின்விசிறியை நிறுத்தி, குளிர்பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, துணி அடைந்த பீரோவின் இரு கதவுகளையும் திறந்துவைத்து அதற்கு நேரே உட்கார்ந்து பாடுவார்.

“பீரோதான் சார் நம்ம ஸ்டூடியோ. பட்டுப்பொடவை இருக்கிற தட்டுக்கு நேரா ஒக்காந்தா குரல் இன்னும் நல்லா விழுது,” என்பார்.

சிரிப்பு வந்தாலும் அவர் சொல்வது சாஸ்திர சம்மதமானதே. மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் குரலைத் திருப்பியடித்து மைக்கில் இரண்டாம் முறை கொண்டுசேர்க்கும். மடித்துவைத்த துணியோ அதை விழுங்கிவிடும். தம்பூராவை வெளியே ஒலிக்கவிடாமல் காதுக்குழல் வழியாக மட்டும் கேட்டுப் பாடுவதும் அவர் தாமாகக் கண்ட யுக்தி. பேச்சுக்கென்று அமைந்த கைப்பேசிகளில் சில, இடைவிடாது ஒலிக்கும் சுருதியை விசிறிச் சத்தமென்று எண்ணி அடக்கப்பார்ப்பதால், அதைத் தனியே பதிந்து பின்பு சேர்ப்பதே உசிதம். பதிந்ததை வாட்ஸ்அப்பில் குரற்செய்தியாக அனுப்பினால் அது நசுங்கித் தேய்ந்து போய்ச்சேருகிறது; கோப்பாக இணைத்து அனுப்பினால் அனுப்பியபடியே சேரும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மட்டுமே என் பங்கு.

அப்படி அனுப்புகிற இடத்தில்தான் சட்டம் எதிர்ப்படுகிறது. தியாகையர் 1847-ல் சித்தியடைந்தார். அவர் கிருதிகளை எவரும் பாடிப் பதியலாம். பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தவராதலால், ஆசிரியர் காலத்துக்குப்பின் அறுபதாண்டு என்னும் விதிப்படி அவருடைய பாட்டுக்களின் பதிப்புரிமை 2033 முடியுமட்டும் நீடிக்கும். பாரதியார் விஷயம் தனி. அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவரது ‘நாம் இருவர்’ படத்தில் 1947-ல் டி.கே. பட்டம்மாள் பாடித் தமிழ்நாடே பாரதியைக் கேட்டதும் உண்மை; அதே உரிமையினால் ‘பில்ஹணன்’ படம் எடுத்த டி.கே.எஸ். சகோதரர்களோடு தகராறு மூண்டதும் உண்மை. சென்னை அரசாங்கம் 1949-ல் அவ்வுரிமையை ஏற்றுப் பின்னர் பாரதியைப் பொதுவாக்கியிராவிட்டால், பள்ளிக்கூடப் பிள்ளை பாடியதைப் பதிவதற்கும் ஒருவரை அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

சினிமாப் பாட்டை வீட்டில் பாடிப் பதிந்து ஊராருக்கு வழங்குவதென்றால், 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு ஒரு வழி காட்டுகிறது. முதற்பதிவு செய்த ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் கழியவேண்டும், முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும், ஆண்டொன்றுக்கு ஐம்பதாயிரம் பிரதிகளுக்காவது உரிமைத்தொகையை முன்கூட்டியே கட்டவேண்டும். குறிப்பிட்ட மொழிகளுக்கு இந்த எண்ணிக்கையைக் குறைக்க இடமுண்டு. குறைத்தாலும், நாற்பது உறவினருக்கு அனுப்பும் பெரியவரை எண்ணி எழுதிய பிரிவன்று அது. பெரிய இணைய மேடைகளில் இத்தகைய பதிவுகள் பிழைத்திருப்பது, அம்மேடைக்காரர்கள் உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் தயவால்.

இத்தனைக்கும் 1957-ஆம் ஆண்டு மூலச் சட்டம் அமெச்சூர்களை அறியாததன்று. கட்டணமில்லாத சபையோர் முன் அமெச்சூர் சங்கத்தார் ஒரு நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்தினால் அது உரிமை மீறலாகாது என்று 52-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மேடையில் நின்று இலவசமாகப் பாடும் குழுவுக்குக் கொடுத்த அந்தச் சலுகையை, பணம் வாங்காமல் வீட்டில் பாடிப் பதிந்து பகிரும் தனிமனிதருக்கும் நீட்டும் ஒரு வாக்கியத்தை அடுத்த திருத்தத்தில் சேர்க்கவேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி அரசாங்கம் எப்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்டாலும், பீரோவைத் திறந்துவைத்துப் பாடுகிற வாசகர்கள் இதை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.