வரலாற்றாராய்ச்சியும் உசாத்துணை நூல்களும்

வரலாற்றாராய்ச்சியிற் புகும் மாணவருள் ஒரு சாரார் கலைக்களஞ்சியம் கூறுவதையே முடிந்த முடிபாகக் கொண்டு, அதனை எடுத்தெழுதி அமைவர். மற்றொரு சாரார் மூலநூல்களைக் கற்றல் ஒன்றே ஆராய்ச்சியெனக் கருதி, பின்னணியறிவு சிறிதுமின்றி அவற்றுட் புகுந்து இடர்ப்படுவர். கலைக்களஞ்சியம், அகராதி, அரசர் பட்டியல், பஞ்சாங்கக் கணிதநூல் முதலிய உசாத்துணை நூல்களின் மெய்யான பயனை இவ்விரு சாராரும் இழக்கின்றனர். மூலச்சான்றை நோக்கி எவ்வினாவை எழுப்புதல் வேண்டும் என்பதை உணர்த்துதலே அந்நூல்களின் பயனாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கைலாயமாலையின் இறுதியிற் காணப்படும் தனிச்செய்யுள் ஒன்று, புவனேகவாகு என்பான் சகாப்தம் 870 இல் யாழ்ப்பாண நகரைக் கட்டுவித்து, நல்லூரிற் கந்தவேளுக்குக் கோயிலும் அமைப்பித்தான் எனக் கூறுகின்றது. சகாப்தம் கி.பி. 78 இல் தொடங்குவதென்பதைப் பஞ்சாங்கக் கணிதநூல் தெரிவிக்கும். அவ்வாறாயின் செய்யுள் குறிக்கும் ஆண்டு கி.பி. 948 ஆகும். இவ்வளவோடு அமைபவன், நல்லூர்க் கோயில் பத்தாம் நூற்றாண்டில் எழுந்ததென்று எழுதிவிடுவான்.

அரசர் பட்டியலையும் நோக்குபவனுக்கோ ஐயம் பிறக்கும். சிங்கள மன்னருள் புவனேகபாகு என்னும் பெயர் பூண்டோர் எழுவர். அவருள் முதல்வன் யாப்பகூவாவிலிருந்து ஆண்டது பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். ஆறாமவன், கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனாகிய சப்புமல் குமாரயன். தமிழர் செண்பகப்பெருமாள் என வழங்கிய இவன், 1450 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்று ஆண்டு, பின்னர்க் கோட்டையில் முடிசூடினான். செய்யுளின் ஆண்டுக்கும் இவன் காலத்துக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன.

ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகின்றது. யாழ்ப்பாண வைபவமாலை புவனேகவாகுவை ஆரியச் சக்கரவர்த்தியின் அமைச்சனென்கின்றது. நல்லூர்க் கோயிற் கட்டியமோ அப்பெயரைச் சிறீசங்கபோதி என்னும் விருதோடு சேர்த்துக் கூறுகின்றது. அவ்விருது சிங்கள மன்னர் பூண்ட பட்டப்பெயரென்பதை முன்னரே அறிந்தவனுக்கன்றிப் பிறருக்கு அக்கட்டியத்தின் சான்று புலப்படாது. கோயிலமைத்தவன் அமைச்சனா, சப்புமல் குமாரயனா? செய்யுளின் எண் ஏடெழுதுவோராற் பிறழ்ந்ததா? இவ்வினாக்களை எழுப்பியது உசாத்துணை நூல். விடை தேடவேண்டிய இடம் ஏடும் கட்டியமும் கல்வெட்டுமாம்.

உசாத்துணை நூல்களும் வழுவுக்கு அப்பாற்பட்டனவல்ல. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902 இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதானசிந்தாமணி 1910 இலும் வெளிவந்தன. புராணப் பெயர்களையும் புலவர் பெயர்களையும் அறிதற்கு அவை பெருந்துணையாவன. எனினும், அவற்றின்பின் ஆராயப்பட்ட கல்வெட்டுச் செய்திகளை அவற்றில் எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆகவே பதிப்பாண்டு, கட்டுரையாசிரியர், எடுத்தாண்ட நூல்கள் என்னும் மூன்றையும் நோக்கியபின்னரே ஒரு நூலை நம்புதல் முறையாகும். மூன்று நூல்கள் ஒன்றையே கூறினும், அவை யாவும் ஒரு நூலிலிருந்து எடுத்தனவாயின் சான்று ஒன்றேயாம்.

உசாத்துணை நூலை முதலிற் கற்று, அது காட்டும் வழியே மூலச்சான்றை அடைந்து, அச்சான்றைக்கொண்டே அந்நூலையும் மீளச் சோதித்தல் வேண்டும். இம்முறையைக் கைக்கொள்ளாதார் கையில், தம் ஊர்க் கோயிலின் காலமும் ஐந்நூறாண்டு பிழைபடும்.