படமும் ஓட்டமும்

ஸ்வீடன் தேசத்தில் 1965ஆம் வருஷம் ஆரம்பமாகி, பெரும்பாலும் ஜூலை மாதத்தில், ஆண்டுக்கொரு பிரதேசத்தில் நடைபெற்றுவரும் ஓ-ரிங்கன் பந்தயத்தில், சிறுவர் முதல் முதியோர் வரை ஆயிரக்கணக்கானோர், நிலப்படமும் திசைகாட்டியும் ஏந்தி, வனத்தினூடே ஆரஞ்சும் வெள்ளையுமான குறிக்கொடிகளை வரிசை பிறழாமல் தேடி ஐந்து நாள் ஓடுகிறார்கள். கால் வேகம் மட்டும் இங்கே போதாது. மூச்சிரைக்கும் வேளையிலும் படத்தின் உயரக்கோடுகளை நிதானமாக வாசிக்கும் புத்தி வேண்டும். அதிவேகமாகச் சென்று தவறான பாறையை அடைந்தவனைவிட, மெல்லச் சென்று சரியான கொடியைக் கண்டவனே பாக்கியசாலி. இப்பந்தயத்துக்காகத் தூரதேசத்திலிருந்து பிரயாணம் செய்பவர், ரயிலிலும் விடுதியிலும் கழியும் தினங்களில் அப்பியாசம் விட்டுப்போகாதிருக்க, விடியற்காலையில் அந்நிய ஊரின் வீதிகளில், அவ்வூர்ப் படத்தையே கையில் விரித்து வழி கண்டுபிடித்தபடி, அரைமணி நேரம் ஓடுவது உசிதம். மேடில்லாத ஊரானால், ஏறிப் பழக விடுதியின் மாடிப்படிகள் இருக்கவே இருக்கின்றன. பந்தயத்துக்கு முந்தின நாள் மட்டும் தூரத்தைக் குறைத்துக் கணுக்காலைக் காத்துக்கொள்ளுங்கள்.