கிணற்று ஜலப் பரீட்சைக்குக் காகித மின்முனைகள்

கிணற்று ஜலத்தில் ஈயம் கலந்திருப்பின் அதனைக் கண்ணாலேனும் நாவினாலேனும் அறிதல் இயலாது. குடிக்கும் ஜலத்தில் லிட்டர் ஒன்றுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருத்தலாகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் வரையறை. மைக்ரோகிராமாவது ஒரு கிராமில் பத்து லட்சத்திலொரு பங்கு. இத்துணைச் சிறிய அளவையும் கிணற்றங்கரையிலேயே அறிய உதவுவது, கையடக்கமான அளவைக் கருவியுடன் சேர்த்து உபயோகிக்கும் மின்முனைப் பட்டையாகும்.

பட்டையில் மூன்று முனைகள் உண்டு. ஈயம் படிவது முதல் முனை; மின்னோட்டத்தைப் பூர்த்தி செய்வது துணை முனை; மின்னழுத்தத்திற்கு நிலையான அளவுகோலாக நிற்பது ஆதார முனை. சிறிது அமிலஞ் சேர்த்த ஜலத்தைப் பட்டையின்மேலிட்டு, முதல் முனைக்குச் சில நிமிஷங்கள் எதிர் மின்னழுத்தம் கொடுப்பின், கரைந்துள்ள ஈயம் உலோகமாக அதன்மேற் படியும். பின்னர் அழுத்தத்தை மெல்ல மாற்ற, படிந்த ஈயம் மீண்டும் கரையும். அப்பொழுது எழும் மின்னோட்டத்தின் உயரத்தைக் கொண்டு ஈயத்தின் அளவைக் கணிக்கலாம்.

முந்திய பரீட்சையின் மிச்சம் அடுத்ததைக் கெடுக்குமாதலால், பட்டையை ஒருமுறைக்கு மேல் உபயோகித்தலாகாது. ஆனால் எறியும் பட்டை பிளாஸ்டிக்காயின், ஜலத்தைக் காக்கப் புகுந்து நிலத்தைக் கெடுத்தவராவோம். பாதரசத்தின் சங்கதியும் இத்தகையதே. 1922-ல் பிராகா நகரில் ஹெய்ராவ்ஸ்கி என்பார் பாதரசத் துளியை மின்முனையாகக் கொண்டு இவ்வகைச் சோதனைகளுக்கு அடிகோலினார். விஷத்தைக் கண்டறிய விஷத்தையே பூசும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. பாதரசத்திற்குப் பதிலாகப் பிஸ்மத் என்னும் உலோகத்தைப் பூசலாமென்பது 2000-ல் வெளியாயிற்று. அதன் விஷத்தன்மை மிகக் குறைவு.

பிளாஸ்டிக்கிற்குப் பதிலாக வடிதாளை உபயோகிக்கும் முறை 2009 முதல் ஆராய்ச்சிகளில் வழங்கி வருகிறது. வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோல், தாளின்மேல் மெழுகால் எல்லை வரைந்து சூடாக்குவர். மெழுகு உருகித் தாளினுட் புகுந்து, ஜலம் பரவாமல் தடுக்கும். பின்னர் கிராபைட் பொடியும் பசையும் சேர்ந்த மையை நுண்வலை வழியாக அச்சிட்டு உலர்த்துவர். கிராபைட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக உமி, சிரட்டை முதலியவற்றின் கரியைச் சேர்த்தும் சோதித்துள்ளனர். அடுப்புக்கரி இதற்கு ஏற்றதன்று. காற்றுப் புகாத கலத்தில் ஏறக்குறைய 800 டிகிரி சென்டிகிரேட் வரை சுட்ட கரியே மின்சாரத்தை நன்கு கடத்தும்.

இத்தனை செய்தும் ஆதார முனையில் வெள்ளி எஞ்சி நிற்கிறது. உபயோகித்த தாளில் ஈயமும் இருக்கும். ஆகவே, காகிதமென்று எண்ணி அதனை எருக்குழியிலிடுதலும் எரித்தலும் தகா. தனிப் பாத்திரத்தில் சேர்த்து வைத்துப் பரீட்சைச் சாலையில் ஒப்படைத்தல் வேண்டும். மேலும், ஜலத்திலுள்ள செம்பு இச்சோதனையைப் பிறழச் செய்யக்கூடும். பட்டை காட்டுவது எச்சரிக்கையே. முடிவான தீர்ப்பு பரீட்சைச் சாலையினது. கிராம அதிகாரிகள் கிணறுவாரியாகத் தேதியும் அளவும் குறித்துவைப்பின், எக்கிணற்று ஜலத்தை முதலில் அங்கு அனுப்பவேண்டுமென்பது தெளிவாகும்.