பழைய காரும் ஒரு காந்தமும்

நெமிலியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றும், அதன் பக்கத்தில் ஓர் அம்பாசிடரும் விலைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் புதிதாக வண்ணம் பூசப்பட்டுப் பளபளக்கின்றன. உங்கள் மாமாவுக்குப் பழைய கார் என்றால் உயிர். ஆனால் இதுவரை எந்தக் காரும் வாங்கியதில்லை. பல ஆண்டுச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எதை வாங்கலாம்?" என்று உங்களைக் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

பதினெட்டு வயது ஆகாமல் நீங்கள் காரை ஓட்ட முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கலாம் அல்லவா?

இரு கார்கள், இரு எலும்புக்கூடுகள்

ஹெரால்டு, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதை 1961 முதல் 1971 வரை தயாரித்தது. இதற்குத் தனியாக எஃகுச் சட்டம் உண்டு. அதைச் சேசிஸ் என்பார்கள். உடற்பகுதி அதன்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும்.

மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடருக்கு அப்படி முழுமையான தனிச் சட்டம் இல்லை. உடலின் தகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே ஹெரால்டில் முதலில் சட்டத்தையும், அம்பாசிடரில் தரைத்தகட்டையும் கதவுக்குக் கீழுள்ள பகுதியையும் குனிந்து பாருங்கள். அங்கே துரு தின்றிருந்தால் வண்டியின் வலிமையே போயிற்று. எஞ்சினைப் பிரித்துச் சீராக்குவதைவிட, இற்றுப்போன உடலைச் சீராக்குவதே பெரும்பாலும் கடினம்.

துரு எப்படிப் பரவுகிறது?

இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் வண்ணப்பூச்சு கொப்புளம்போல் எழும்புகிறது. அது உள்ளிருந்து வெளியே வருவதால், வெளியே சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே சேதம் மிகுந்திருக்கலாம். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால் மழைநீர் உள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பு துருப்பிடித்தலை விரைவுபடுத்தும். எனவே வண்டி முன்பு எந்த ஊரில் ஓடியது என்றும் கேளுங்கள்.

மூன்று சோதனைகள்

ஓட்டை விழுந்த தகட்டைப் பட்டறையில் 'பட்டி' போட்டு மூடி, மேலே வண்ணம் பூசிவிடுவார்கள். எஃகு காந்தத்தால் கவரப்படும், பட்டி கவரப்படாது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, முதலில் கூரையில் வைத்து இழுப்பை உணருங்கள். பிறகு கதவின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்துங்கள். இழுப்பு எங்கே குறைகிறதோ அங்கே பட்டி இருக்கிறது என்று ஐயுறலாம்.

அடுத்து, வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். அது ஓரிரு அசைவில் நிலைக்கு வரவேண்டும். நீங்கள் படிக்கும் தடையுறு அலைவு இதுதான். தொடர்ந்து ஆடினால் ஷாக் அப்சார்பர் தேய்ந்திருக்கிறது.

மூன்றாவதாக, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லிச் சைலன்சர் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது எனலாம்.

காகிதங்கள்

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெரும் மாறுதல் செய்யப்படாத கார் 'வின்டேஜ்' வண்டியாகப் பதிவு பெறலாம். அவ்வாறு பதிவானதைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டலாகாது. மாமா தினமும் அரக்கோணம் போய்வர நினைத்தால் இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள இரும்பு பீரோவுக்கும் காந்தத்துக்கும் இடையே காகிதங்களை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள். எத்தனையாவது காகிதத்தில் காந்தம் நழுவி விழுகிறது? எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மெல்லிய பட்டியை உங்கள் காந்தம் காட்டிக்கொடுக்கும் என்பது அப்போது விளங்கும்.