வழி சொல்லும் செயற்கைக்கோள். வழி விடாத நடைபாதை

புது தில்லி: பார்வையற்ற ஒருவர் முன்பின் அறியாத தெருவில் பிறர் துணையின்றி முகவரி தேடிச் செல்ல, ஜி.பி.எஸ். வசதி கொண்ட செல்லிடப்பேசி இன்று கைகொடுக்கிறது. ஆனால், செயற்கைக்கோள் சொல்லும் வழியில் அச்சமின்றிக் கால் வைக்க நடைபாதை இருக்கிறதா என்பது, தலைநகர் தில்லி உள்பட நம் நகரங்கள் பலவற்றில் விடை காணப்படாத கேள்வியாகவே நீடிக்கிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோரின் எண்ணிக்கை சுமார் 50.3 லட்சம். கல்விக்கோ வேலைக்கோ வெளியே செல்லும்போது பிறரைச் சார்ந்திருக்க வேண்டிய நிலையைக் குறைப்பதே இத்தொழில்நுட்பத்தின் பயன்.

பார்வையற்றோருக்கு ஜி.பி.எஸ். மூலம் வழிகாட்டும் ஆய்வுகள் 1980-களிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டன. எனினும், பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை அந்நாட்டு அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்ததால், 100 மீட்டர் வரை பிழை நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகே அன்றாடப் பயன்பாட்டுக்கு வழி பிறந்தது. பின்னர், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் செல்லிடப்பேசியிலேயே இடம்பெற்றதால், தனிக் கருவி வாங்க வேண்டிய தேவையும் குறைந்தது.

ஐந்து மீட்டர் இடைவெளி: திறந்த வெளியில் செல்லிடப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் வரை துல்லியமாக இடத்தைக் காட்டும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் குறுகிய சந்துகளிலும் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பிழை அதிகரிக்கும். காரில் செல்பவருக்கு 5 மீட்டர் பொருட்டல்ல. வெண்கோலுடன் நடப்பவருக்கோ, அது நடைபாதைக்கும் வாகனங்கள் விரையும் சாலைக்கும் உள்ள வேறுபாடு. மூடப்படாத சாக்கடையும், நடைபாதையில் நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனமும், நேற்று தோண்டிய பள்ளமும் எந்த வரைபடத்திலும் இல்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சியில் தில்லி ஐஐடி குறிப்பிடத்தக்க பங்காற்றியுள்ளது. அங்கு உருவாக்கப்பட்டு 2014-இல் அறிமுகமான "ஸ்மார்ட்கேன்' கருவி வெண்கோலின் பிடியில் பொருத்தப்படுவது. முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளைச் சாதாரணக் கோலால் உணர இயலாது. இக்கருவி மீயொலி அலைகளின் உதவியால் 3 மீட்டர் தொலைவு வரை அவற்றைக் கண்டறிந்து, அதிர்வின் மூலம் உணர்த்துகிறது. இதனைத் தயாரித்தது சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம்.

பேருந்து நிறுத்தம் வரை ஜி.பி.எஸ். கொண்டு சேர்த்தாலும், வந்து நிற்பது எந்தத் தடத்தின் பேருந்து, அதன் வாசல் எங்கே என்பவை புதிராகவே இருக்கும். இதற்காக அதே ஐஐடி உருவாக்கிய "ஆன்போர்டு' கருவி, பேருந்தின் எண்ணை அறிவிப்பதுடன், வாசலருகே உள்ள ஒலிபெருக்கி மூலம் ஏறும் இடத்தையும் காட்டுகிறது. ஆனால், பேருந்துகளிலும் கருவி பொருத்தப்பட்டால்தான் இது பயன்படும். ஆக, இறுதி முடிவு அரசின் கையில்தான் உள்ளது.

சட்டமும் நடைமுறையும்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. பேருந்து, ரயில் நிலையங்கள் உள்பட ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளியான 5 ஆண்டுகளுக்குள் தடையற்றவையாக மாற்ற வேண்டும் என்கிறது அச்சட்டம். விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2022 ஜூனில் முடிந்தது.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், இந்த விதிகளுள் 15-ஆவது விதி கட்டாயப்படுத்தாமல் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது என்று கூறி, அது சட்டத்துக்கு முரணானது என 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தர நிலைகளை 3 மாதங்களுக்குள் வகுக்குமாறும் மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கிலும், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கியது என்றும், அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் 2025 மே மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

செயற்கைக்கோள்களின் துல்லியம் மேலும் கூடலாம். ஆயினும், திறந்து கிடக்கும் சாக்கடையை மூடுவதும் நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்றுவதும் உள்ளாட்சி அமைப்புகளின் பணியே. அதைச் செய்யாதவரை, காதில் ஒலிக்கும் வழிகாட்டுதல் பார்வையற்றவரை வாசல் வரை கொண்டு சேர்க்காது.