பிளக் மரையில் பேஸ்ட் தடவலாமா?

‘பெட்ரோல் பவர் வீடரில் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவே அரை நாள் ஆகிவிட்டது. அடுத்த முறை இப்படிச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று, புதுப் பிளக்கின் மரையில் ‘ஆன்டி-சீஸ்’ பேஸ்ட்டைத் தடவி மாட்டினேன். எப்போதும் போலத்தான் இறுக்கினேன். ஸ்பேனர் திடீரென்று லேசாகி, சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, ‘ஹெட்டில் மரை போயிடுச்சு’ என்கிறார். நல்லது நினைத்துச் செய்தது ஏன் இப்படி ஆனது?’

நிலக்கடலைக் காட்டில் களை முழங்கால் உயரத்துக்கு நிற்கும் நேரத்தில், இப்படி ஒரு கேள்வியோடு நிற்பது கொடுமை. பிளக்கின் விலை கொஞ்சம்தான். ஆனால், ஹெட் கெட்டால் அந்த விலையைப் போலப் பல மடங்கு செலவாகும், களையெடுப்பும் தள்ளிப்போகும். பவர் வீடர் மட்டுமல்ல. பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர், பவர் ஸ்பிரேயர், சிறிய பம்ப்செட், இருசக்கர வாகனம் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால், அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிளக் ஏன் சிக்கிக்கொள்கிறது?

பிளக்கின் உடல் இரும்பு. அது உட்காரும் ஹெட், பெரும்பாலான சிறிய இன்ஜின்களில் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு உண்டாகும். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் சும்மா கிடந்த கருவியில் பிளக் அசைய மறுப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அடுத்தது, கரி. பொருத்தமில்லாத நீளத்தில் பிளக் போட்டால் இது வரும். மரைப்பகுதி நீளமாக இருந்தால், இன்ஜினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிந்து இறுகிவிடும். கழற்றும்போது அந்தக் கரி, ஹெட்டின் மரையையும் சேர்த்துச் சுரண்டிக்கொண்டு வரும். அதிக நீளமாக இருந்தால் பிஸ்டனே பிளக்கில் இடிக்கும். கடையில் ‘இதுவும் ஒண்ணுதான்’ என்று கொடுப்பதை வாங்காமல், கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது இதனால்தான்.

பேஸ்ட் செய்யும் வேலை

ஆன்டி-சீஸ் என்பது செம்பு, அலுமினியம், நிக்கல் போன்ற உலோகத் தூளை எண்ணெய்ப் பசையில் குழைத்துச் செய்தது. சூட்டில் எண்ணெய் போனாலும் உலோகத் தூள் மரைகளுக்கு நடுவே தங்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதுவரை நல்லதுதான். சிக்கல், அதன் வழுவழுப்பில் இருக்கிறது.

ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் ஸ்பேனரில் கொடுக்கும் பலத்தில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். கொஞ்சம்தான் உண்மையான இறுக்கமாக மாறும். மரையில் பேஸ்ட் தடவினால் உராய்வு குறையும். அப்போது அதே கை, அதே ஸ்பேனர், அதே பலம்... ஆனால் இறுக்கம் கூடிவிடும். ‘எப்போதும் போலத்தான் இறுக்கினேன்’ என்பது உண்மைதான். மரைக்குப் போய்ச் சேர்ந்த பலம் மட்டும் எப்போதும் போல இல்லை. இரும்பு அதைத் தாங்கும். மென்மையான அலுமினியம் தாங்காது.

இப்போது கடையில் கிடைக்கும் பெரும்பாலான பிளக்குகளின் மரை, வெள்ளி போலப் பளபளப்பாக இருக்கும். அது நிக்கல் அல்லது துத்தநாகப் பூச்சு. அரிப்பைத் தடுப்பதற்கும், எளிதாகக் கழன்று வருவதற்கும்தான் அந்தப் பூச்சு. அதன்மேல் பேஸ்ட் தேவையில்லை என்று பிளக் தயாரிப்பாளரான என்.ஜி.கே. நிறுவனமே சொல்கிறது. மரை பளபளப்பில்லாமல் மங்கலான கறுப்பாக இருந்தால் பூச்சு இல்லாத பிளக். அதற்கு மட்டும், கையேடு அனுமதித்தால், மரையின் நடுப்பகுதியில் மெல்லிய பூச்சாகத் தடவலாம். அப்போது இறுக்கும் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிளக்கின் முனையிலோ பீங்கானிலோ பேஸ்ட் படக் கூடாது. உலோகத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். பொறி சரியாக வராது.

சாதாரண கிரீஸ், இன்ஜின் ஆயில் தடவுவதும் தவறு. சூட்டில் கருகி, அதுவே கரியாகி மரையை அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு இறுக்கலாம்?

அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. பிளக்குக்கு என்.ஜி.கே. சொல்லும் அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் சுமார் 13 முதல் 15 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம், அவ்வளவுதான். சிறிய 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். அதே ஸ்பேனரில் 5, 6 கிலோ போதும். இன்ஜின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனர் எல்லார் வீட்டிலும் இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது.

1. இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு கழற்றினால் மரை சேதமாகும்.

2. பிளக்கைச் சுற்றியுள்ள மண், தூசியை ஊதித் துடைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரில் கோடு விழும்.

3. மாட்டும்போது ஸ்பேனரை எடுக்காதீர்கள். விரலால் திருகுங்கள். வாஷர் ஹெட்டில் உட்காரும்வரை விரலிலேயே போக வேண்டும். நடுவில் கடினமாக இருந்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

4. வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால், புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று. கடிகாரத்தில் 12-ல் இருந்து 6 வரை. ஏற்கெனவே போட்டிருந்த பிளக்குக்கு வாஷர் நசுங்கியிருக்கும் என்பதால், அரைக்கால் முதல் கால் சுற்று போதும்.

5. வாஷர் இல்லாத, கூம்பு வடிவில் உட்காரும் பிளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குச் சுமார் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான்.

இறுக்கம் குறைந்தாலும் ஆபத்துதான். பிளக்கின் சூடு, வாஷரும் மரையும் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. லூசாக இருந்தால் சூடு இறங்காமல் பிளக் அதிகமாகக் காய்ந்து, பிஸ்டன் வரை பாதிக்கும்.

வாசகர் கேள்விகள்

கழற்ற வராத பிளக்கை என்ன செய்வது?

குழாய் செருகி ஸ்பேனரை நீளமாக்காதீர்கள். கொஞ்சம் அசைந்ததும் நிறுத்தி, துருநீக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு, சிறிது நேரம் காத்திருங்கள். பிறகு முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்புங்கள். ஒரேயடியாகத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

மரை போன ஹெட்டை மாற்றியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ‘ஹெலிகாயில்’ எனும் எஃகுச் சுருளோ புஷ்ஷோ போட்டுத் தருவார்கள். உலோகத் தூள் சிலிண்டருக்குள் விழாமல் இருக்க, ஹெட்டைக் கழற்றிக்கொண்டு போவது நல்லது. பசை வைத்து ஒட்டி ஓட்டாதீர்கள். அழுத்தத்தில் பிளக் தெறித்து ஆளைத் தாக்கலாம்.

வாங்கிய பேஸ்ட் வீணா?

வீணில்லை. சூட்டில் துருப்பிடித்து இறுகும் சைலன்சர் போல்ட்டுகளுக்குத் தடவலாம். அங்கேயும் கையைக் கொஞ்சம் அடக்கித்தான் இறுக்க வேண்டும்.

ஒவ்வொரு பருவம் முடிந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, மரையைத் துடைத்து, விரலால் திருகி மாட்டி வைத்தால் போதும். அடுத்த பட்டத்தில் அது அடம்பிடிக்காமல் கழன்று வரும்.